பொக்கைவாய்க்காரன்

"உன் மகன் பல்லு இல்லாமலே பள்ளிக்கூடம் போயிருவான் போலிருக்கே!"

வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள். கணவனின் அக்கா. மாடியில்தான் குடியிருக்கிறாள். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். குறை சொல்ல முடியாத கை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

வந்தவளுக்குச் சுருக்கென்றது. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாள் அவள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் 'பல்லம்மா'. ஊரார் வாய்க்கெல்லாம் விளக்குப் பிடிக்கிறவளின் பிள்ளைக்குப் பதின்மூன்று மாதமாகியும் ஈறு மொழுமொழுவென்று இருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

"எங்க டாக்டர் சொல்லிட்டாங்க அண்ணி. சில பிள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வருமாம். ஒன்றரை வயசு வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்னாங்க."

"டாக்டர் சொன்னா சரிதான். எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆறு மாசத்துல வந்துருச்சு. இவன் யாரைக் கொண்டு பொறந்தானோ!"

பல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்காவது கடிக்கப் பல் இருந்தது.

பல் வராததை விடப் பெரிய கவலை ஒன்று அவளுக்குள் இருந்தது. பிள்ளை முதன்முதலாகத் தவழ்ந்தபோது அவள் வேலையில் இருந்தாள். முதன்முதலாக வாயைத் திறந்து 'அத்தை' என்றபோதும் வேலையில்தான். இரண்டையும் அண்ணி சொல்லித்தான் கேட்டுக்கொண்டாள். பல்லையாவது தான்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அதனால் தினமும் வந்ததும் வராததுமாக டார்ச்சை எடுப்பாள். பையன் லேசுப்பட்டவனா? வெளிச்சத்தைக் கண்டதுமே வாயை இறுக்கிப் பூட்டிக்கொள்வான். அவள் "ஆ" காட்டுவாள், கணவனும் "ஆ" காட்டுவான். வீட்டில் பையன் வாயைத் தவிர மற்ற எல்லா வாயும் திறந்திருக்கும்.

அன்றும் அதே கதை.

"அடி, அந்த விளக்கை அப்பால வை! இவன் என்ன உங்க ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கான்?" என்ற அண்ணி, கிண்ணத்தையும் ஸ்பூனையும் அவள் கையில் திணித்தாள். "எனக்குக் கை கடுக்குது. இன்னைக்கு நீயே ஊட்டு."

ஓய்ந்து வந்தவளை ஒரு நிமிஷம் உட்கார விடுகிறாளா பார் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே ஊட்டினாள். ஒரு வாய் போயிற்று. இன்னொரு வாய் போயிற்று.

'டிக்.'

ஸ்பூன் கிண்ணத்தில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். கிண்ணமோ தரையில் இருந்தது. மறுபடி ஊட்டினாள். மறுபடியும் 'டிக்.'

விரலை உள்ளே விட்டாள். நறுக்கென்று ஒரு கடி!

"ஆ! என்னங்க, பல்லு! பல்லு வந்திருச்சு! நான்தான் பாத்தேன், நான்தான் முதல்ல பாத்தேன்!"

தலையில் சோப்பு நுரையோடு கணவன் ஓடிவந்தான். கீழ் ஈறில் குருணை அளவுக்கு வெள்ளையாக எட்டிப்பார்த்தது பல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள் பல்லம்மா. எதற்கு இந்த ஆட்டம் என்று தெரியாமலே அவனும் கெக்கலி கொட்டிச் சிரித்தான்.

சந்தோஷத்தோடு தைரியமும் வந்துவிட்டது.

"பகல் பூரா உங்க மடியிலதானே கெடக்கான் அண்ணி? ஆறு மாசத்துல வந்துச்சுன்னு அந்தப் பேச்சுப் பேசினீங்க. இது உங்க கண்ணுல படவே இல்லையா?"

யாருக்கும் அடங்காத அண்ணி தலையைச் சொறிந்தாள்.

"அடடா, ஆமா! எங்கம்மா கவனிச்சேன்? என் கண்ணு அவிஞ்சா போச்சு!"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அண்ணியின் கணவர் இறங்கி வந்தார். வயிற்றில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர்.

"என்னம்மா, ஒரே கொண்டாட்டமா இருக்கு?"

"பிள்ளைக்குப் பல்லு வந்திருச்சு அண்ணே!"

"அதுவா! அது போன வாரமே வந்துருச்சேம்மா! இவ விரல்ல கடி வாங்கிட்டு வந்து குதிச்ச குதியில வீடே ஆடிப்போச்சு. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம்கூட..."

அண்ணி பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினார்.

"அண்ணி?" என்றாள் பல்லம்மா.

அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

"இவன் 'அத்தை'ன்னான்னு நான் சொன்ன அன்னைக்கு, நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதது மாடி வரைக்கும் கேட்டுச்சுடி. அதான் இந்தப் பல்லை நான் பாக்கவே இல்ல."