முன் தடுப்பு

"இந்தத் தடுப்பே போதும்னு சொல்ற ஆளை டிரைவர் சீட்டுல உக்காரச் சொல்லு. கிரேன்ல ஒரு பைப்பைத் தொங்கவிட்டுப் பின்னாடியிருந்து மோத விடுவோம். அப்புறம் பேசலாம், போதுமா போதாதான்னு."

பட்டறைக்காரர் இதைச் சொன்னது கிரேன்காரரிடம். அந்த 'ஆள்' என்னவோ கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அந்த ஆள் லாரி டிரைவர். பட்டறைக்காரரின் ஒரே தங்கையைக் கட்டியவன். "லாரி ஓட்டுறவனுக்கா என் தங்கச்சி?" என்று குதியோ குதியென்று குதித்தவர் கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகு அவனோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை.

வேறு பட்டறைக்குப் போக முடிந்திருந்தால் அவன் ஓடியே போயிருப்பான். ஆனால், இதுவரை மூட்டை ஏற்றிய டிரெய்லரை இரும்புப் பைப் ஏற்றுகிற மாதிரி மாற்ற வேண்டும், அதையும் இங்கேதான் செய்ய வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"அவர்கிட்ட சொல்லுங்க," என்றான் டிரைவரும், கிரேன்காரரைப் பார்த்தே. "பெல்ட்டை இறுக்கிக் கட்டிட்டா பைப் எங்க போயிடும்?"

"மேல இருக்கிறதையும் ஓரத்துல இருக்கிறதையும் பெல்ட் பிடிச்சுக்கும். நடு அடுக்குல இருக்கிற பைப்பை யார் பிடிப்பா? அந்த ஆளோட மாமியாரா? பிரேக் போட்டா மூட்டை ஒண்ணு மேல ஒண்ணு சாயும், அவ்வளவுதான். பைப் வழுக்கிட்டு நேரா டிரைவர் முதுகுக்குத்தான் வரும்."

"அண்ணே, அவரு மாமியாருன்னா அது உங்க அம்மா இல்லையா?" என்றார் கிரேன்காரர்.

பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "உக்காரச் சொல்லு."

டிரைவர் கேபினுக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பைப் பார்த்தான். கிரேனுக்குப் பக்கத்தில் கிடந்த பைப்பைப் பார்த்தான். கால் தானாக ஓரடி பின்னால் போனது.

அதைப் பார்த்த பட்டறைக்காரர், முகமூடியை மாட்டிக்கொண்டு தகரத்தை அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

டிரைவருக்கு வயிறு எரிந்தது. இன்று கிளம்பினால்தான் சரக்கை இறக்கிவிட்டு, மனைவிக்கு வலி எடுப்பதற்குள் வீடு திரும்ப முடியும். தலைப்பிரசவம். இது அவருக்கும் தெரியாமலா இருக்கும்? தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டாரா மனுஷன்?

கைபேசி அடித்தது. மனைவிதான்.

"அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராங்க?"

"வேலையா இருக்காரும்மா. அப்புறமா கேப்பாரு."

வேலை அனுமார் வாலாக நீண்டது. கனமான இரும்புப் பலகையில் புதுத் தடுப்பு வந்தது. அதற்கு முட்டுக் கொடுத்துக் கம்பிகள் வந்தன. பைப் பக்கவாட்டில் உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தூண்கள் நின்றன. எல்லாம் முடிந்தது என்று டிரைவர் சாவியை எடுத்தபோது, பட்டறைக்காரர் தடுப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு முட்டுக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைக்கத் தொடங்கினார்.

டிரைவருக்குப் பொறுமை போயே போய்விட்டது. முதல் தடவையாக நேருக்கு நேராகவே கத்தினான்.

"உங்க தங்கச்சிக்கு வலி வர்றப்ப நான் பக்கத்துல இருக்கணும். அதைக் கெடுக்கத்தானே இப்படி இழுத்தடிக்கிறீங்க? என் மேல கோபம்னா என்னை அடிங்க. அவ என்ன பண்ணினா?"

பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கி அவனைப் பார்த்தார். பிறகு முகமூடியை இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பற்றவைக்கத் தொடங்கினார். இவரெல்லாம் ஒரு அண்ணனா என்று நினைத்துக்கொண்டான் டிரைவர்.

ஒருவழியாக வேலை முடிந்தது.

"பைப்பைத் தூக்கு," என்றார் பட்டறைக்காரர், கிரேன்காரரிடம். "நான் முன்பக்கம் போய்ப் பாக்கறேன். விசில் அடிச்சதும் மோத விடு."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். புதுத் தடுப்பு அவரை மறைத்துக்கொண்டது. கிரேனில் தொங்கிய பைப் பின்னால் போய் நின்றது.

விசில் வந்தது.

பைப் பாய்ந்து வந்து மோதியது. வண்டியே குலுங்கி நின்றது. டிரைவர் ஏறிப் பார்த்தான். தடுப்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். அவனுக்கே மனசுக்குள் ஒரு சபாஷ் வந்தது. கூடவே, இனி என்ன நொட்டை சொல்லப் போகிறாரோ என்ற பயமும் வந்தது. கேட்டுவிடலாம் என்று முன்பக்கம் போனான்.

அங்கே யாரும் இல்லை.

கேபின் கதவு திறந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பட்டறைக்காரர் மெதுவாக இறங்கினார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

கிரேன்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "உள்ள உக்காந்துக்கிட்டா விசில் அடிச்சீங்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? தடுப்பு பிச்சுக்கிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

டிரைவருக்குக் காலையில் தான் பின்னால் வைத்த அந்த ஓரடி ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பட்டறைக்காரரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல் கிரேன்காரரிடம்தான் சொன்னார்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு... இப்ப அந்தச் சீட்டுல அவர் உக்காரலாம்."