வீட்டு ரேடியோ

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு மேடம். வீட்டுல வாயே திறக்க மாட்டேங்குறா."

"முப்பத்தாறு நாள்" என்று திருத்தினார் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் துல்லியமாகச் சொல்லியே பழகியவர்.

மனநல ஆலோசகர் குறித்துக்கொண்டார். எதிரே சோபாவில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே, எட்டு வயது மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குச் செல்லப் பெயர் ரேடியோவாம். அந்த ரேடியோதான் இப்போது மூச்சுக் காட்டாமல் இருந்தது.

"பள்ளிக்கூடத்துல எப்படி?"

"அங்க வாய் மூடறதே இல்லையாம். பக்கத்துல இருக்கிறவங்களோட பேசறான்னு டீச்சர் ரெண்டு தடவை இடம் மாத்தி உட்கார வச்சிருக்காங்க" என்றார் மனைவி. "வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டினதும் வாயும் மூடிக்குது."

"காது, தொண்டை எல்லாம் பார்த்தாச்சா?"

"ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினோம். ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க."

"மூணு. நீ அந்தக் காது டாக்டரை விட்டுட்ட."

"பார்த்த நேரம் பூரா தும்மிக்கிட்டே இருந்தாரே, அவரையுமா சேர்க்கறீங்க?"

கணவர் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கினார். "இவ குரலைக் கேட்டாப் போதும் மேடம். எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம்."

ஆலோசகருக்குப் புதிராக இருந்தது. வீட்டில் பேசாத பிள்ளை என்றால் அவர் முதலில் துருவுவது பெற்றோருக்கு நடுவில் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்பதைத்தான். இவர்களோ ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்கிறார்கள். அப்புறம் எங்கேதான் இடிக்கிறது?

பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மரக்கட்டைகளைத் தரையில் கொட்டி, அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னாச்சு, சொல்லும்மா."

உதடுகள் இறுக மூடிக்கொண்டன.

எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர்தான். ஆனால் 'சொல்லு' என்ற சாதாரணச் சொல்லுக்கு இப்படி முகம் மாறிய பிள்ளையை அவர் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை அதோடு விட்டுவிட்டுக் கட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். மூன்று முறை சரிந்தது.

"பெரிய கட்டையை அடியில வைக்கணும் ஆன்ட்டி" என்றது ரேடியோ.

"அட, ஆமாம்ல."

இருவரும் சேர்ந்து அடுக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "இங்க பேசறதை எங்க அப்பா அம்மாகிட்ட போய்ச் சொல்லிடுவீங்களா?"

"உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்."

அவள் எழுந்துபோய்க் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் அப்பா எதையோ கையை ஆட்டி விளக்க, அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷத்துலேர்ந்து அவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்க ஆன்ட்டி. 'சாவி எங்கன்னு உங்கம்மாவைக் கேளு.' 'சாப்பாடு மேசையில இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.' எல்லாம் நான்தான். நான் நிறுத்தினதும், வேற வழியில்லாம அவங்களே பேசிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

ஆலோசகரின் கையில் இருந்த கட்டை கையிலேயே நின்றது. ரேடியோ தன் சொந்தச் சேதி எதையும் சொல்வதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருந்தே. முப்பத்தாறு நாளைக்கு முன்னாடி மட்டும் ஏன் நிறுத்தினே?"

"அன்னிக்கு அப்பா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அதை மட்டும் அம்மாகிட்ட நான் இன்னும் சொல்லவே இல்ல."

"என்னது அது?"

அவள் இன்னொரு முறை கதவைப் பார்த்துக்கொண்டாள்.

"'வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசுக்கு வந்து, பிரியறதுக்குக் கையெழுத்துப் போடணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு'ன்னாரு."