தடத்தின் மேல்

வயோமிங் புல்வெளியில், பழைய வண்டித்தடத்தின் நடுவே வெர்னாவின் கையிலிருந்த உலோகம் கண்டறியும் கருவி கீச்சென்று கத்தியது.

"இரும்பு! மாட்டு லாடமாத்தான் இருக்கும். அது கிடைச்சா, நூத்தெழுபது வருஷத்துக்கு முந்தி மேற்கே குடியேறப் போனவங்களோட கூண்டு வண்டிங்க போன பாதை இதுதான்னு மேப்புல ஏத்திடலாம்" என்று மண்வெட்டியை எடுத்தாள்.

"அங்க மட்டும் தோண்டாதேம்மா" என்றார் பண்ணைக்காரர் கிளெட்டஸ்.

"ஏன், புதையல் வெச்சிருக்கீங்களா?"

"வேற எங்க வேணா தோண்டிக்கோ."

வெர்னாவுக்கு எரிச்சல் வந்தது. "பக்கத்துல நல்ல ரோடு இருக்கு. அதை விட்டுட்டு தினமும் இது மேலதான் டிரக்கை ஓட்டிட்டுப் போறீங்க. என் மண்வெட்டி பட்டா மட்டும் தேஞ்சிடுமா?"

கிளெட்டஸ் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட தங்கச்சி. நாலு வயசு. வர்ற வழியில காலரா. ஓநாய் மோப்பம் பிடிச்சுத் தோண்டிடக் கூடாதுன்னு பாதையிலேயே புதைச்சு, அத்தனை வண்டியையும் மேல ஓட்டினாங்க. அப்புறம் அந்தக் குழந்தையோட அம்மா இந்த இடத்தை விட்டு நகரவே இல்ல. நாங்க இன்னும் ஓட்டிட்டிருக்கோம்."

வெர்னா மண்வெட்டியைத் தன் ஜீப்பில் போட்டாள். நல்ல ரோட்டுப் பக்கம் திருப்பப் போனவள், ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு தடத்தின் மேலேயே மெதுவாக ஓட்டிப் போனாள்.