மதிலடித் துளைகள்

மழை பிடித்ததும் கொன்ஸ்ரன்ரைன் குடையும் கையுமாக முற்றத்துக்கு ஓடினார். தண்ணீர் எங்கும் தேங்காமல் சீமெந்துச் சரிவில் வழிந்து மதிலடித் துளைகளுக்குள் புகுந்தது. வேலை சுத்தமாக அமைந்துவிட்டதில் அவருக்குச் சரியான பெருமை.

துளைகளுக்கு அந்தப் பக்கம் பேர்னாட்டின் வீட்டு அத்திவாரம் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் அந்தச் சந்து ஒழுங்கையில் மதிலுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கத்தான் இடம். பேர்னாட்டின் முன்னறைச் சுவர் ஏற்கெனவே வெடித்துவிட்டது. மதிலோரமாக ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் தெருவுக்கு விடும்படி அவர் வந்து கேட்டுப் பார்த்தார்.

"நீங்க ஆர்? எனக்கு உங்களைத் தெரியாதே," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

அது பழைய கோபம். போன வருடச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரன் கொன்ஸ்ரன்ரைனைக் காட்டி இவரைத் தெரியுமா என்று கேட்டபோது, இத்தனை வருடம் பக்கத்து வீட்டிலிருந்த பேர்னாட் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பொலிஸ் நிலையத்தின் வெறுந்தரையில் கிடந்து வந்த கொன்ஸ்ரன்ரைன் முதல் வேலையாக முற்றத்தை மண் போட்டு உயர்த்தினார். பிறகு சரிவு வைத்தார், மதிலில் துளை போட்டார்.

பேர்னாட் வீட்டை விற்கப் போகிறாராம் என்று ஒழுங்கையில் கதை அடிபட்டது. ஆளைக் கிளப்பியாயிற்று என்று கொன்ஸ்ரன்ரைனுக்கு வயிறு குளிர்ந்தது.

அந்தச் சந்தோசத்தோடு சந்தோசமாக ரொறன்ரோவிலிருந்து மகன் றேமண்டும் ரெலிபோனில் கோல் எடுத்தான். தங்கை டோரினுக்குச் சீதன வீடு பார்த்து, சிநேகிதனைக் கொண்டு வாங்கி, உறுதி எழுத்தும் முடித்துவிட்டானாம். வீடு இல்லாததால் டோரினுக்கு இரண்டு சம்பந்தம் குழம்பிப் போயிருந்தது. கொன்ஸ்ரன்ரைனுக்குக் கண் கலங்கியது.

"எங்க தம்பி வீடு?"

"ஒரு அந்தரம் அவசரத்துக்கு நீங்க ஓடிப்போய் நிக்கக்கூடிய இடம்தான் அப்பா. எதெண்டு இப்ப சொன்னாக் குழப்பிப்போடுவியள்."

பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். அந்தக் கிழமையே அலவாங்கை எடுத்து, பேர்னாட்டுக்குப் பிரியாவிடையாக, துளைகளை இன்னும் பெரிதாக்கினார். விடிய விடியப் பெய்த மழையில் வெடிப்பு கூரை வரைக்கும் ஏறியது. பேர்னாட் இந்தத் தடவை சண்டைக்கு வரவில்லை. வெடிப்பை நின்று பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

சாமான்கள் லொறியில் ஏறிய அன்று பேர்னாட் நேரே கொன்ஸ்ரன்ரைனின் கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க ஆர்?" என்றார் கொன்ஸ்ரன்ரைன், கடைசித் தடவையாக.

பேர்னாட் கோபிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில், பூட்டிவிட்டு வந்த தன் வீட்டின் திறப்பை வைத்தார்.

"உங்கட றேமண்ட் உங்களிட்டத்தான் குடுக்கச் சொன்னவர்."