பிடித்துவைத்த வெயில்

சுமதிநாதன் ஐயாவின் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை.

அவர் மனைவி மதனவதியம்மா வெல்லம் கரைத்த தண்ணீரை நீட்டினார். ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பொழுது சாஞ்சிடுச்சி மதனா. வேணாம்.”

திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் வீடுகளில் அடிக்கடி சோலார் வேலை பார்க்கிறவன் நான். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் அங்கே நிறையப் பேர். ஐயா அவர்களுக்கும் ஒரு படி மேலே. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று விரதம்.

தப்பு என்னுடையது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரப் போனவரை, “சோலார் பேனல் இப்டி நின்னா போதுமா, ஒரு தபா பாத்துடுங்கய்யா” என்று மாடிக்குக் கூப்பிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு?

அவருக்கோ ஆயிரம் சந்தேகம். இடியை இழுக்குமா? மழைக்காலத்தில் சும்மா கிடக்குமா? மேலே வடாம் காயவைக்கலாமா? பேசிப் பேசியே சூரியனை அனுப்பிவிட்டோம்.

இப்போது சர்க்கரை விறுவிறுவென்று இறங்குகிறது. போனில் டாக்டர் கத்தினார். முதலில் இனிப்பாக எதையாவது குடிக்க வையுங்கள், மயங்கிவிட்டால் அதுவும் முடியாது என்றார்.

வேலைக்காக மெயினை அணைத்திருந்தேன். கூடத்தில் எரிந்தது ஒரே ஒரு பல்பு. சோதித்துப் பார்க்கப் பேட்டரியில் நான் மாட்டியது.

மதனவதியம்மா சுவரோரம் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்பா யேசுதாஸ், இந்த வெளிச்சம் வெயில்லேர்ந்து வர்றதுதானே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யூனிட் கணக்கு, மானியம் என்று எதைக் கேட்டாலும் நுனிநாக்கில் பதில் இருக்கும். இதைப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

“ஆமாம்மா.”

“அப்போ இது பகல்தானே? வெயில் வெளிச்சத்துல குடிக்கிறதுக்கு இன்னா தோஷம்?”

ஐயா பல்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண் சொருகிக்கொண்டு வந்தது.

“புடிச்சி வச்ச வெயிலும்... வெயிலாப்பா?”

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அவர் விரதத்துக்கு நான் யார் தீர்ப்புச் சொல்ல? பகல் என்பது சூரியனா, வெளிச்சமா? ஆமாம் என்றால் பாவமா, இல்லை என்றால் பாவமா? அவருக்கு வந்த தலைசுற்றல் எனக்கும் வந்துவிட்டது. பயமாக இருந்தது.

“இன்னிக்கு மத்தியான வெயில்தாங்கய்யா.”

ஐயா வாயைத் திறந்தார். மடக் மடக்கென்று குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு நகர்ந்தார்.

அதுவரை அவர் முதுகு மறைத்திருந்த சுவரில், பேனலிலிருந்து இறங்கிய ஒயர் எதிலும் சேராமல் தொங்கியது. பேட்டரி காலையில் வாலாஜாபாத் கடையில் கரண்டில் சார்ஜ் ஏற்றியது. பேனலை நாளைக்குத்தான் அதோடு இணைக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஐயா அந்த ஒயரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மதனா,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “பகல் போறதுக்குள்ள இன்னொரு டம்ளர் கொண்டா.”