ஐந்து வருடம் இருப்பவர்களுக்கு மட்டும்

அடுத்த ஐந்து வருடமும் உயிரோடு இருக்கப்போகிறவர்களுக்குத்தான் ஓட்டு என்பது புதுச் சட்டம். யார் இருப்பார்கள் என்பதை, விரலை வைத்ததும் சாவடியில் இருக்கும் மெஷின் சொல்லிவிடும். மறுபடி போட்டியிடும் தொண்ணூற்றொரு வயது முதல்வரையே மெஷின் திருப்பி அனுப்பும் என்று, அவர் ஓட்டுப் போடும் எங்கள் சாவடியில் ஒரே கூட்டம்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஷினில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டு இல்லை. என் கணவர் எழிலனுக்கும் சிவப்பு. வரிசையில் எல்லோருக்குமே சிவப்பு எரிந்ததும் சிரித்துவிட்டோம்.

“மெஷின் அவுட்டு சார், வேற கொண்டாங்க!”

அதிகாரி தன் விரலை வைத்துப் பார்த்தார். சிவப்பு.

அப்போது முதல்வரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்கள். அவருடைய நடுங்கும் விரல் பட்டதும் பச்சை எரிந்தது.

“மெஷின் நல்லாத்தாங்க இருக்கு” என்றார் அதிகாரி.

எழிலன் குழந்தையின் விரலைப் பிடித்து மெஷின் பக்கம் கொண்டுபோனார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.