சுவீடன் தேசத்துப் பந்தாட்டம்

"தோத்துட்டா என்ன ஆகும், கம்பவுண்டரய்யா?"

உச்சிமாகாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார். கம்பவுண்டர் அருமைநாயகம் மருந்துக் குப்பியைத் துடைத்தபடி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் கை நடுங்கும் அண்ணாச்சி. லேசாத்தான். ஆனா கத்தி பிடிக்கிற கையில்லா."



தென்காசிக்கு மேற்கே இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில், மறுநாள் பத்து மணிக்கு உச்சிமாகாளியின் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு வயிற்றுக்கட்டி ஆபரேஷன் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். கார்த்திகையிலேயே நடந்திருக்க வேண்டியது. கத்தி என்ற பேச்சைக் கேட்டதும் உச்சிமாகாளி வெலவெலத்துப்போய், அவளை வண்டியில் ஏற்றிப் சொந்த ஊரான புளியறைக்கே கொண்டுபோய்விட்டார். கட்டி வளர்ந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் ஆள் தேறாது என்று டாக்டர் லிண்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டாக்டருக்குச் சொந்த தேசம் சுவீடன்.

"அங்க பந்தாட்டத்துல மேல் படியில பன்னிரண்டு டீம் அண்ணாச்சி. ஒன்னோட ஒன்னு மோதும். கடைசியில நிக்கிற ரெண்டையும் கீழ் படிக்குத் தள்ளிருவாவ. டாக்டரோட ஊர் டீம் இப்ப அங்கனதான் தொங்குது. இன்னைக்குச் சாயந்தரம் ஆட்டம். ரேடியோவுல கேப்பாரு."

"செயிச்சா?"

"செயிச்சா அவர் கை மாதிரி ஒரு கை இந்தச் சீமையிலயே கிடையாது."

உச்சிமாகாளி வார்டுக்கு ஓடினார்.

"ஏட்டி, எந்திரி. வண்டியப் பூட்டச் சொல்லுதேன். எங்கனயோ உருளுத பந்தை நம்பி உன் வயித்தக் குடுக்க முடியுமா?"

முப்பிடாதியம்மாள் படுத்தபடியே அவரைப் பார்த்தாள். "கிறுக்கா பிடிச்சிருக்கு? செயிச்சா நல்ல கைன்னுதான சொல்லுதாவ. முடிவு தெரியட்டும். தோத்தா நானே வண்டியில ஏறிக்கிடுதேன். அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

சாயங்காலம் டாக்டர் பங்களா ஜன்னலுக்கு அடியில், குரோட்டன்ஸ் செடியோடு செடியாக உச்சிமாகாளி நின்றார். மலையைத் தாண்டி வந்த ரேடியோ கொரகொரவென்று இழுத்தது. ஒரு சொல் விளங்கவில்லை. பெயர் தெரியாத பதினோரு வெள்ளைக்காரன்கள், தன் பெண்டாட்டி உயிரைக் காலால் உதைத்து விளையாடுகிறான்கள் என்பது மட்டும் விளங்கியது. அந்தப் பதினோரு பேர் காலுக்கும் சேர்த்துச் சாஸ்தாவை வேண்டிக்கொண்டார். ஒருதரம் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு உயிர் போய் வந்தது.

இருட்டும் நேரத்தில் அருமைநாயகம் வெளியே வந்தார். "ரெண்டுக்கு ரெண்டு. சமமாப் போச்சு."

"சமம்னா கை நடுங்குமா, நடுங்காதா?"

"அதான் எனக்கும் பிடிபடல. விடியக்காலம் திரும்ப ஆடுதாவளாம். ஒம்பது மணிக்கு முடிவு தெரிஞ்சிரும்."

அன்றிரவு கண்ணை மூடினால் பந்து உருண்டது. திறந்தால் டாக்டரின் கை நடுங்கியது.

கருக்கலில் முப்பிடாதியம்மாள்தான் அவரை எழுப்பினாள்.

"இங்கன உக்காந்து முழிச்சிக்கிட்டு இருந்து என்ன செய்யப் போறீய? முத பஸ்ஸுல குத்தாலம் போங்க. அருவியில தலை முழுகி, குத்தாலநாதருக்கு ஒரு தேங்கா ஒடைச்சிட்டு வாங்க. டாக்டர் டீமுக்கு."

"உனக்கு ஒன்னு ஒடைக்க வேண்டாமா?"

"அவுக செயிச்சா நான் செயிச்ச மாதிரிதான."

கிளம்பும்போது அவர் தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தன் முகத்தை ஒருமுறை ஒற்றிக்கொண்டாள். மார்கழிக் குளிரில் இவளுக்கு எதற்கு வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

அருவித் தண்ணீர் முதுகில் கல்லாக விழுந்தது. பல் கிட்டிக்க, ஈர வேட்டியோடு கோயில் வாசலில் தேங்காயை உடைத்தார். அது கோணலாக உடைந்தது.

அவ்வளவுதான், தோற்றுவிட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கால் நிற்கவில்லை. தென்காசி ரோட்டில் ஓடினார். பாதி வழியில் ஒரு லாரிக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான். பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அவளைத் தூக்கி வண்டியில் போட்டுவிட வேண்டும். வேறு எதுவும் மனசில் ஓடவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஒன்பதுகூட ஆகவில்லை. வார்டில் அவள் கட்டில் காலியாகக் கிடந்தது.

ஆபரேஷன் அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே தள்ளுகட்டிலில் முப்பிடாதியம்மாள் கண்மூடிக் கிடந்தாள். மூச்சு சீராக ஏறி இறங்கியது. பக்கத்துக் குழாயில் டாக்டர் லிண்ட் கை கழுவிக்கொண்டிருந்தார். உச்சிமாகாளி அந்தக் கையையே பார்த்தார்.

"ஏழு மணிக்கே தொடங்கி, கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று," என்றார் டாக்டர், வேதப்புத்தகத் தமிழில். "உங்கள் மனைவி பிழைத்துக்கொள்வாள். பயப்படாதேயுங்கள்."

உச்சிமாகாளி மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அப்படியும் வாயில் அதுதான் வந்தது.

"அப்போ செயிச்சிட்டாவளா, அய்யா?"

"யார்?"

"உங்க ஊர் டீமு. பந்தாட்டத்துல. நேத்து ரேடியோவுல கேட்டியள்லா."

டாக்டர் ஈரக்கையோடு அவரைப் புதிராகப் பார்த்தார். "எந்தப் பந்தாட்டம்? எங்கள் தேசத்தில் சித்திரையில் தொடங்கி ஐப்பசியோடு முடித்துவிடுவார்கள். இப்பொழுது மைதானத்தில் முழங்கால் அளவு பனி கிடக்கும். ஒருவரும் பந்தைத் தொடுவதில்லை. நேற்று நான் ரேடியோவில் கேட்டது செய்தி மாத்திரமே."

உச்சிமாகாளி மெல்லத் திரும்பி அருமைநாயகத்தைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதிய அண்ணாச்சி," என்று கம்பவுண்டர் தள்ளுகட்டிலைக் காட்டினார். "'எங்க வீட்டு ஆளுக்குக் கத்தியத் தவிர வேற ஏதாச்சும் ஒரு பயத்தக் குடுங்க, இல்லன்னா மறுபடியும் என்னைத் தூக்கிட்டு ஓடிருவாவ'ன்னு முந்தாநாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது இவங்கதான்."